மூன்றாவது முடிச்சு

ஞாயிறு, ஆவணியின் கடைசி முகூர்த்தம்

குழந்தை பிறந்தபின் நான் படமெடுத்த முதல் கல்யாணம், திருவானைக்காவலில். புது 85 லென்ஸோடு போனேன். தாலி ஏறும்போது கண்ணீரோடு பெண்ணின் முகம் அவ்வளவு அழகாக விழுந்தது. எனக்கே கர்வமாக இருந்தது.

பந்தி முடிந்ததும் மாப்பிள்ளையின் அக்கா வந்தார்.

"மூணாவது முடிச்சு நான் போட்டதைக் காட்டுங்க."

காட்டினேன். பெண்ணுக்குப் பின்னால் பச்சையாக ஏதோ கலங்கிக் கிடந்தது.

"இதுல நான் எங்கம்மா?"

"பின்னாடி இருக்கறது நீங்கதாங்க்கா..."

"இதுவா? என் பட்டுப்பொடவையப் பாசி மாதிரி ஆக்கிட்டீங்களே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஐப்பசியில் அவர் மகளின் காதுகுத்துக்கு என்னைத்தான் பேசியிருந்தார். வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"லென்ஸ் மேல என்ன தப்பு? பின்னாடி இருக்கவங்களும் தெளிவா விழற மாதிரி வச்சிருக்கணும்ல. வீட்லயே இருந்து உனக்குக் கை மறந்துபோச்சு."

வீட்டில் ஏன் இருந்தேன் என்று கேட்க வாய் வரை வந்தது. குழந்தை விழித்துக்கொள்ளும்.

லென்ஸ் வாங்கும்போது, எல்லாரும் தெளிவாக விழும் 35 போதும் என்றேன் நான். இவர்தான் 85 என்று நின்றார். கடையில் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்க, இவர் ஒரு படம் எடுத்துப் பார்த்து, "பின்னாடி எல்லாம் எப்படிக் கரையுது பாரு!" என்றார். அந்தப் படம்தான் இப்போதும் இவர் போன் முகப்பில். குழந்தையின் இமைமுடிகூடத் தெரிகிறது. பின்னால் கரைந்திருப்பது நான்.

இதுவரை அதைப் பார்த்த யாரும் அம்மா எங்கே என்று கேட்டதில்லை.