அவரைப் பந்தலடியில் செந்நாய்கள்

இளவரசியின் அப்பாவுக்கு,

இருபது நாளாக உங்கள் ஃபோன் அணைந்தே கிடக்கிறது. உங்கள் தம்பி அர்ச்சுனன் குடகுக்கு, நீங்கள் வேலை செய்யும் காபித் தோட்டத்துக்கே வருகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நாங்கள் நலம். பந்தலில் அவரைக்கொடி நன்றாகக் காய்த்திருக்கிறது.

போன திங்கட்கிழமை காலை, தோட்டத்தில் விசில் சத்தம் கேட்டது. மலையேறி வரும்போது நீங்கள் அடிப்பீர்களே, அதே போல. மாவுக் கையோடு ஓடினேன். பந்தலடியில் சிவப்பாக மூன்று நாய்கள் நின்றன. வால் மட்டும் கறுப்பு. அவற்றில் ஒன்று மறுபடியும் விசிலடித்தது. பக்கத்திலேயே கோழிகள் மேய்ந்தன. அவை கோழிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா வந்து பார்த்தார். "இது செந்நாயாச்சேடி! எங்கப்பா காலத்துல பார்த்தது. வூட்டாண்ட இன்னாத்துக்கு வந்து நிக்குது?" என்று தகரத்தைத் தட்டினார். போய்விட்டன.

மறுநாளும் வந்தன. அதற்கடுத்த நாளும் வந்தன.

நேற்று இளவரசி வாசற்படியில் நின்று பதிலுக்கு விசிலடித்தாள். "உள்ள வாடி" என்று இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"இரும்மா, அப்பா பேசிட்டிருக்காரு" என்றாள்.

"இன்னா பேசறாரு?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

"குளுருதாம். கதவத் தொறக்கச் சொல்றாரு."

இன்று விடிந்ததிலிருந்து கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். எதுவும் வரவில்லை.

நீங்கள் இப்போதே புறப்பட்டு வர வேண்டாம். உங்கள் கையெழுத்தில் ஒரு வரி எழுதி அர்ச்சுனனிடம் கொடுங்கள். அது போதும்.

உங்கள் மகளின் அம்மா