வெள்ளையாக வந்த சொத்தை

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆமாம், அப்பாவேதான். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து எழுதித் தரவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள். நாற்பது வருஷம் பெயிண்ட் அடித்தவன் நான். கூரைக்கும் சுவருக்கும் நடுவே நூல் பிடிக்காமலே கோடு இழுத்த கை இது. ஆனால் இந்த ‘ணை’ இருக்கிறதே, அதைப் போட்டு முடிப்பதற்குள் ஒரு கதவுக்கு ஒரு கோட்டு பெயிண்ட் அடித்து முடித்துவிடலாம். சில வரிகள் மேலே ஏறும், சில வரிகள் கீழே சறுக்கும். நீ தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்.

நூலகத்து மாடியில் மாலை வகுப்புக்குப் போகிறேன் என்பது உனக்குத் தெரியும். கடிதம் எழுதும் அளவுக்கு வந்துவிட்டேன் என்பதை மட்டும் ஐந்து மாதமாக வாயைத் திறக்காமல் மறைத்து வைத்திருந்தேன். இதை டீச்சரிடம்கூடக் காட்டப்போவதில்லை. தப்பு இருந்தால் அது என் சொந்தத் தப்பு.

இங்கே எல்லோரும் நலம். மாப்பிள்ளைக்கு இப்போது காலை ஷிப்ட். விடியும் முன்பே பேருந்தை எடுக்கப் போய்விடுகிறார், மத்தியானம் வந்துவிடுகிறார். சமையலில் உப்பு இன்னும் அவர் கைக்கு அடங்கவில்லை. நான் வாயைத் திறப்பதில்லை. உன் பெண், அந்த வாயாடி, எனக்கும் சேர்த்துத் திறக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, நீ வேலை பார்க்கும் அந்தக் குளிர் ஊரிலிருந்து போனில் பழைய பேச்சையே மறுபடி எடுத்தாய். இரண்டு ஆம்பளைங்க நடுவுல பொம்பளப் பிள்ளை வளருது, கவனிப்புல கொஞ்சம் குறைஞ்சாலும் விடுதிப் பள்ளியில சேர்த்துடலாம்னு இருக்கேன் என்றாய். நான் உடனே போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். நீ கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று என்னிடம் இருந்தது, போனில் சொன்னால் உளறிவிடுவேன். குழந்தையின் பல்லில் ஒரு சின்ன விஷயம். பயப்படாதே. வலி இல்லை, ஓட்டை இல்லை. கடைசி வரி வரை படித்துவிட்டுப் போனை எடு.

இன்றைக்கு விரல் ஒத்துக்கொள்ளவில்லை. நாளை எழுதுகிறேன்.

*

செவ்வாய்க்கிழமை.

எழுத்துக் கூட்டத் தெரிந்ததிலிருந்து எனக்குத் தெருவில் நடக்கவே நேரம் போதவில்லை. கடைப் பலகை, பேருந்துப் பலகை, சுவரில் ஒட்டியது, குப்பைத்தொட்டியில் எழுதியது, ஒன்றையும் விடுவதில்லை. சந்து முனையில் மருந்துக்கடைக்கு மேலே ஒரு நீலப் பலகை இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்கு நான்தான் இரண்டு முறை பெயிண்ட் அடித்தேன், பலகையில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது. ஒருநாள் நின்று படித்தேன்: ‘சொத்தை ஆரம்பத்திலேயே கவனித்தால் முழுதாகக் காப்பாற்றலாம்.’

அடேயப்பா, எவ்வளவு நல்ல வக்கீல் என்று நினைத்தேன்! சண்டை முற்றிய பிறகு வா என்று சொல்லாமல், சொத்தை முதலிலேயே கவனி என்கிறாரே.

கீழ்வீட்டுத் தையல்காரருக்கும் அவர் தம்பிக்கும் வீட்டுப் பாகம் குறித்து இழுபறி நடப்பது உனக்குத் தெரியுமே. அவரிடம் பெருமையாகச் சொன்னேன், நானே படித்தேன், போய்ப் பாரும் என்று. அவரும் பத்திரத்தை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினார். ஒரு மணி நேரம் கழித்து வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். “அண்ணே, அது பல் ஆஸ்பத்திரி அண்ணே! பத்திரத்த எடுத்து நீட்டறேன், அந்தம்மா வாயத் தொறங்கங்கறாங்க. இருபது வருஷத்துக் கறையச் சுரண்டி எடுத்துட்டுத்தான் விட்டாங்க” என்றார். பல் என்னவோ பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

டீச்சரிடம் சொன்னேன். சொத்தின் சொத்தையும் பல்லின் சொத்தையும் எழுத்தில் ஒன்றேதான், சுற்றியிருக்கும் வார்த்தைகளைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். சிரித்து வந்த கண்ணீர்.

தையல்காரர் கோபத்தோடு கொண்டுவந்தது ஒரு தாள். அந்த டாக்டர் எல்லோருக்கும் கொடுப்பதாம். இந்தாங்க, நீங்கதான் பெரிய படிப்பாளியாச்சே என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனார். விடுவேனா? மூன்று நாள் உட்கார்ந்து கூட்டிக் கூட்டிப் படித்தேன். அதில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். சரியாகப் படித்தேனா என்று மறுபடி முதலிலிருந்து வந்தேன். ‘சொத்தையின் முதல் அடையாளம் கருப்பு அல்ல, வெள்ளை. ஈறின் ஓரத்தில், சுண்ணாம்பு பட்டதுபோலப் பளபளப்பு இல்லாத வெள்ளை.’

வெள்ளையாக ஒரு சொத்தை! இத்தனை வயது வரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. சுவரில் ஈரம் இறங்கும்போது முதலில் பெயிண்ட் உரியாது, விரிசலும் விடாது. மங்கலாக ஒரு திட்டு வரும். சுவர் நனைந்திருக்கும்போது அது கண்ணில் படாது, வெயிலில் நன்றாகக் காய்ந்தால்தான் தெரியும். வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, வெள்ளைதானே, அழுக்கில்லையே என்பார்கள். அடுத்த வருஷம் கைவைத்தால் பூச்சு பொலபொலவென்று வரும்.

*

புதன்கிழமை.

நேற்று விட்ட இடத்திலிருந்து.

போன வாரம் வாயாடி தெருவில் ஓடிவிட்டு வந்து, மூச்சு வாங்க, வாயைத் திறந்தபடி ஜன்னல் பக்கம் நின்றாள். மேல்வரிசையில் புதிதாக வந்த முன்பல், வலது பக்கம். ஈறை ஒட்டி, கடுகை நசுக்கி வைத்த அளவு ஒரு வெள்ளைத் திட்டு. நான் கிட்டே போவதற்குள் வாயை மூடி எச்சில் விழுங்கினாள். மறுபடி திறந்தால் அது இல்லை. என் கண்தான் கோளாறு என்று நினைத்துத் துணியால் பல்லைத் துடைத்தேன். கொஞ்சம் பொறுத்தேன். காய்ந்தது. வந்துவிட்டது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “கருப்பா இருந்தாத்தானே மாமா சொத்தை? வெள்ளையா இருந்தா அது பல்லு” என்றார். தாளைப் படித்துக் காட்டினேன். பலகையப் படிச்சு வக்கீல் பிடிச்ச ஆளுதானே நீங்க என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்வது.

என் தொழில் புத்தி ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். திட்டைக் கண்டால் முதலில் சுரண்டிப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் நகத்தை வைத்தேன். உன் பெண் நறுக்கென்று கடித்துவிட்டாள். தாத்தா, இது சுவரில்ல என்றாள். இன்னும் தடம் இருக்கிறது.

என் நச்சரிப்பு தாங்காமல் மாப்பிள்ளை மறுநாள் மத்தியானம் கூட்டிப் போனார். மூன்று பேரும் மாடி ஏறினோம். டாக்டர் இடது கைக்காரர், சின்ன உருவம், பெரிய குரல். தையல்காரரை அனுப்பியது நான்தான் என்று தெரிந்ததும், “நீங்கதானா ஐயா அது? பத்திரத்தோட வந்ததுல அவரு மூணாவது ஆளு!” என்றார். பலகையில் முன்னால் ‘பல்’ என்று சேர்க்கச் சொல்லியிருக்கிறாராம்.

குழந்தையை நாற்காலியில் சாய்த்து, முதலில் பல்லைச் சுத்தமாகத் துடைத்தார். பிறகு ஒரு குழாயால் புஸ்ஸென்று காற்று அடித்தார். ஐந்து எண்ணுவதற்குள் திட்டு எழும்பி வந்தது. எனக்கு ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் சந்தோஷம், மறைக்காமல் சொல்கிறேன். மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முளைக்கும்போதே சில பற்களில் வெள்ளைப் புள்ளி இருக்குமாம், அது சொத்தை இல்லையாம். அதனால் டாக்டர் அவசரப்படவில்லை. பல் முளைத்த புதிதில் எடுத்த படம் இருக்கா என்று கேட்டார். உனக்கு அனுப்புவதற்காக மாப்பிள்ளை நாலு மாதம் முன்பு எடுத்தது போனில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தார், அதில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. பிறவிப் புள்ளி பளபளவென்று வழவழப்பாக இருக்கும், இது மங்கி இருக்கு, ஈறோரம் அழுக்கு தங்குற இடத்துலயே இருக்கு, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு என்றார். ஊசி முனையால் குத்தவில்லை. மொட்டை முனைக் கம்பி ஒன்றால் மெல்லத் தடவி மட்டும் பார்த்தார், சொரசொரப்பாக இருக்கிறதாம். நகத்தால் சுரண்டப்போன கதையைச் சொன்னேன். “நல்லவேளை கடிச்சா! மேல்தோல் இன்னும் உடையல ஐயா. அது உடைஞ்சாத்தான் ஓட்டை” என்றார்.

உடையாதவரை திரும்பக் கெட்டிப்படுமாம். அதற்கு மருந்து பூச வேண்டும், பெயர் வார்னிஷ் என்றார். எனக்குச் சிரிப்பு வாய் கொள்ளவில்லை. எத்தனை கோட்டு என்று கேட்டேன். ஒரு கோட்டு போதும், அடுத்தது மூணு மாசம் கழிச்சு என்றார். தூரிகை இத்துனூண்டு. ஆனால் அந்த அம்மாவின் கை சுத்தம், ஓரத்தில் வழியவே இல்லை.

*

வியாழக்கிழமை.

நேற்று வேண்டுமென்றே அங்கே நிறுத்திவிட்டேன். மிச்சத்தை எழுதக் கை வரவில்லை.

வார்னிஷ் பூசுவதற்கு முன்னால் டாக்டர் ஒன்று கேட்டார். மற்ற பல்லெல்லாம் நல்லாருக்கு, இந்த ஒரே இடத்துல மட்டும் ஏன்? ராத்திரி பல் தேய்ச்ச பிறகு ஏதாவது சாப்பிடுவியா கண்ணு? என்றார். உன் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, ஒண்ணுமே இல்ல என்றாள். கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். எனக்காகச் சொன்னாள்.

மகளே, கேள். எங்கள் டீச்சரிடம் ஒரு டப்பா உண்டு. சொல்வதெழுதுதலில் பிழையே இல்லாமல் எழுதினால் ஒரு மிட்டாய். தலை நரைத்தவர்களுக்கும் மிட்டாய்தான். நான் அதை வாயில் போடுவதில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். வீடு வந்து சேரும்போது வாயாடி பல் தேய்த்துப் படுத்திருப்பாள், தூங்கியிருக்க மாட்டாள். இன்னைக்குப் பிழையில்லையா தாத்தா என்று கிசுகிசுப்பாள். கொடுப்பேன். சீக்கிரம் கரையக் கூடாது என்று மேல் உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில், வலது பக்கம், அடக்கிக்கொண்டு தூங்கிப்போவாள். அப்பாவுக்குத் தெரியாத ரகசியம் அது, எங்கள் இருவருக்கும். முதல் மாதம் வாரத்துக்கு ஒன்று கிடைத்தது. போன இரண்டு மாதமாக அநேகமாகத் தினமும். அவ்வளவு நன்றாக எழுதினேன்.

டாக்டரிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாயாடிதான் தாத்தா, ஏன் சொன்னீங்க என்று அழுதாள்.

திரும்பி வந்ததும் மாப்பிள்ளை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “மாமா, அவகிட்ட இதச் சொல்லாதீங்க. பல்லு சரியாயிடும். மறுபடி விடுதிப் பேச்ச எடுத்துடுவா. நான் பாத்துக்கறேன்” என்றார். எப்பேர்ப்பட்ட மனுஷன் பார். குறை என்மேல், அதை மறைக்க அவர் பொய் சொல்லத் தயார். குழந்தையும் தயார். இத்தனை பேர் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு ஒரு வீட்டில் இருந்தால் நான் அங்கே எப்படிச் சோறு தின்பது? அதனால் எழுதினேன். அவருக்குத் தெரியாது. அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

இப்போது மிட்டாய் கிடையாது. எனக்குப் பிழையில்லாத நாளில் டீச்சர் தாளில் ஒரு நட்சத்திரம் போடுகிறார், அதை வாயாடியிடம் கொடுக்கிறேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கிக்கொள்கிறாள். இரவு பல் தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும்தான். ஈறோரம் தேய்த்துவிடும் வேலை மாப்பிள்ளையுடையது. காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் நிற்கவைத்து, பஞ்சால் ஒற்றி, ஐந்து எண்ணிப் பார்ப்பது என் வேலை. திட்டு பெரிதாகவில்லை. மங்கல் கொஞ்சம் குறைந்திருப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் நான் ஆசைப்பட்டுப் பார்ப்பவன், என் பேச்சை நம்பாதே. மூன்று மாதம் கழித்து டாக்டர் சொல்வார்.

விடுதியில் அறைக்குப் பத்துப் பிள்ளைகள் என்றாய். நல்ல பள்ளிதான். அங்கே காலையில் யார் பஞ்சு வைத்து ஒற்றிப் பார்ப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. நீ பெற்றவள், உன் முடிவு எதுவானாலும் எனக்குச் சம்மதம். அப்பா செய்தது தப்பு என்று மட்டும் எழுதத் தெரிந்த கையால் எழுதி வைக்கிறேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள். நின்று நின்று வேலை செய்து கால் வீங்கினால் இரவு தலையணைமேல் தூக்கி வைத்துப் படு. நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் இரு, என் கண்ணே. அடுத்த வியாழக்கிழமைக்குள் மறுபடி எழுதிவிடுவேன். அதற்குக் கடையில் ஒரு தபால் உறை வாங்கினால் போதுமா, குழந்தைக்கும் விடுதி முகவரிக்குத் தனியாக ஒன்று சேர்த்து வாங்க வேண்டுமா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல்,
உன் அப்பா