அம்மா எழுதி வைத்த முப்பத்தெட்டு

என் அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் நலம். கடிதம் என்றால் முதல் வரியில் எல்லோரும் எழுதுகிற நலம் இல்லை இது, ரத்தப் பரிசோதனைத் தாளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிற நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே இதே போல் சாட்சியோடு நலமாக இருக்க வேண்டும். முதலில் ஒரு விஷயம், இதைப் படித்துவிட்டுத்தான் மீதியைப் படிக்க வேண்டும்: வேலையை விடாதே. ராஜினாமாக் கடிதம் எழுதியிருந்தால் கிழித்துப் போடு, எழுதவில்லை என்றால் பேனாவை மூடி வை. நீ கெடு சொன்ன மாதக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஆறு நாள், கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நீ பேச ஆரம்பித்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன், நீ அழ ஆரம்பித்தால் வாயில் வருவதெல்லாம் பொய்யாக வருகிறது. இந்தப் பொய்களால் வந்த வினையைத்தான் இப்போது எழுதப் போகிறேன். உன் அத்தைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அவள் முந்திக்கொண்டு காது மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால் நீ ஒரு கைப்பட்டை அனுப்பினாயே, எத்தனை அடி நடக்கிறேன் என்று எண்ணி அங்கே உன் போனில் காட்டுமே, அது வந்த முதல் மூன்று மாதம் தினமும் பத்தாயிரம், பதினோராயிரம் என்று நீ பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனாய். அலுவலகத்தில் எல்லோரிடமும் காட்டினதாகச் சொன்னாய். "எங்கப்பாவப் பாருங்க, அறுபத்தி மூணு வயசு" என்று நீ பெருமைப்பட்டதைக் கேட்டு நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன். வாலு, அதில் ஒரு அடி கூட என் அடி இல்லை. அடி என்னுடையதுதான், நடைதான் இல்லை. பட்டையைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, டிவிக்கு எதிரே அம்மாவின் தையல் மெஷினில் உட்கார்ந்து, மிதியை மிதித்துக்கொண்டிருந்தேன். பெல்ட்டைக் கழற்றி வைத்திருந்ததால் மேல் சக்கரம் சுற்றாது, ஊசி அசையாது, கால் மட்டும் போய் வரும். ஒரு மிதிக்கு ஒரு அடி என்று அந்த முட்டாள் பட்டை எண்ணிக்கொண்டே போகும். மடியில் பிஸ்கட் டப்பா. ஒரு படம் முடிவதற்குள் ஏழாயிரம் அடி, முக்கால் டப்பா. லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்து நாலு வருஷம் ஊரில் யாரும் படி ஏறாமல் பார்த்துக்கொண்டவனுக்கு, நடக்காமல் நடப்பதற்கு வழி கண்டுபிடிப்பதா கஷ்டம்?

திட்டு, நன்றாகத் திட்டு. ஆனால் ஏன் அப்படிச் செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று "வர்றீங்களா?" என்று கேட்பாள். நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து "நாளைக்கு" என்பேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்தொன்பது வருஷம். அவளும் சலிக்காமல் கேட்டாள், நானும் சலிக்காமல் சொன்னேன், அது எங்கள் வீட்டில் காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. அவள் போன பிறகு நீங்கள் எல்லோரும் சேர்ந்து "நடங்கப்பா, நடங்கப்பா" என்றபோது எனக்கு வாசற்படியைத் தாண்டவே முடியவில்லை. அவள் கூப்பிட்டு வராதவன் அவள் இல்லாதபோது மட்டும் போய் நடப்பது அவளுக்குச் செய்கிற துரோகம் போல இருந்தது. இதை யாரிடம் சொல்வது? உன்னிடம் சொன்னால் நீ அங்கே சாப்பிட மாட்டாய். அதனால் மிதித்தேன்.

அந்த மெஷினில், அம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பாதித் தையலில் விட்டுப் போன கருநீலத் துணி அப்படியே ஊசிக்கு அடியில் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். "வந்து முடிச்சுக்கறேன், யாரும் கைய வைக்காதீங்க" என்றாளே, அது. பத்து மாதமாக நானும் கை வைக்கவில்லை. ஜன்னல் திரை ஏதோ தைக்கிறாள் என்று நினைத்து, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடி வைத்திருந்தேன், விரித்துப் பார்க்கத் தைரியம் இல்லை. ஒரு நாள் மத்தியானம் மெஷினைத் துடைக்கும்போது அந்தக் கழன்ற பெல்ட் கண்ணில் பட்டது. கழன்று தொங்குகிற பெல்ட்டைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது என்று உனக்கே தெரியும். எதற்குக் கழற்றினேன் என்பதையே மறந்து எண்ணெய் விட்டேன், பெல்ட்டை இழுத்து மாட்டினேன், வேலை சுத்தம் என்று ஒரு திருப்தியோடு போய்க் காபி போட்டுக் குடித்தேன். நாலு மணிக்கு வழக்கம்போல பட்டையைக் காலில் கட்டி, பிஸ்கட் டப்பாவைத் திறந்து, டிவியைப் போட்டு மிதிக்க ஆரம்பித்தேன். சத்தம் கேட்டது. கடகடவென்று நன்றாகவே கேட்டது. ஆனால் வாலு, அது எனக்கு எத்தனை வருஷமாகப் பழகின சத்தம், உள்ளே அம்மா தைத்துக்கொண்டிருக்கிறாள் என்றே காது நினைத்துக்கொண்டது. மனசுக்கு இதமாகக் கூட இருந்தது. போர்வை நகர்ந்து மடியில் விழுந்தபோதுதான் குனிந்து பார்த்தேன். அம்மாவின் நேர் தையல் முடிந்த இடத்திலிருந்து, துணியின் குறுக்கே, குடிகாரன் நடந்த மாதிரி ஒன்றரைச் சாணுக்கு என் தையல். அவள் கோர்த்து வைத்த நூலில். அந்த நூல் அறுந்து தொலைந்திருக்கக் கூடாதா? அன்றைக்கு அழுதது போல ஆஸ்பத்திரியில் கூட நான் அழவில்லை. டிவியில் யாரோ ஜோக் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

துணியை மெஷினிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டி, வெளியே வந்து கதவைப் பூட்டி, தெருமுனை வரை போன பிறகுதான் வாசற்படியைத் தாண்டிவிட்டேன் என்பதே உறைத்தது. அம்மாவுக்குத் தெரிந்த தையல்காரம்மா ஒருத்தி இருக்கிறாள், மார்க்கெட்டுக்கு எதிர்க் கட்டடத்தில் நாலாவது மாடியில் கடை. போனால் லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒரு காலத்தில் நான் பார்த்துக்கொண்ட லிஃப்ட், என்னைப் பார்த்து அட்டை மாட்டிக்கொண்டு நின்றது. ஏறினேன். இரண்டாவது மாடியில் கண் இருட்டியது, மூன்றாவதில் கைப்பிடியோடு பேச ஆரம்பித்தேன், நாலாவதில் பேச்சே வரவில்லை, பையை மட்டும் நீட்டினேன். அவள் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, துணியை மேசையில் விரித்துப் பார்த்தாள். ஜன்னல் திரை இல்லை, வாலு. ஆம்பளை பேண்ட்.

"யாருக்கு இது?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். உள்பக்கம் இடுப்பில் அம்மா சாக்கட்டியால் 38 என்று எழுதி வட்டம் போட்டிருந்தாள். தையல்காரம்மா என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்களுக்கு இல்லீங்க, நீங்க நாப்பத்தி மூணுக்குக் கொறையமாட்டீங்க. மாப்பிள்ளைக்கா?" என்றாள். மாப்பிள்ளையை இந்தப் பேண்ட்டுக்குள் இரண்டு தடவை போடலாம். அப்புறம் அவளே நாடாவை வைத்து அளந்து உதட்டைப் பிதுக்கினாள். "தப்பாத் தச்சிருக்காங்களே, வலது கால் அரை இஞ்ச் கம்மியா இருக்கு." நான் சிரித்தேனா அழுதேனா என்று அவளைத்தான் கேட்க வேண்டும். லிஃப்ட் குழியில் விழுந்து கால் உடைந்து ஒட்டினதிலிருந்து என் வலது கால் அரை இஞ்ச் குட்டை, அது உனக்கும் எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். என்றைக்காவது அவளோடு நடக்க வருவேன் என்றுதான், அந்தக் கருநீலத் துணியில், எனக்கே எனக்குத் தைத்திருக்கிறாள். நான் இருக்கிற அளவுக்கு இல்லை, நான் ஆக வேண்டிய அளவுக்கு. "அளவு தப்பில்லம்மா, ஆளுதான் தப்பு" என்றேன். அவள் என் கோணல் தையலைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். "எனக்கு நேரமில்ல. தினமும் வந்து அந்த மூலைல உக்காந்து நீங்களே ஒவ்வொண்ணாப் பிரிங்க, மிச்சத்தையும் நீங்களே தைங்க, சொல்லித் தரேன்" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் நாலு மாடி. மூன்றாம் நாள் லிஃப்ட் கம்பெனி ஆள் வந்தான், கூட நின்று எந்தக் கதவு சரியாக ஒட்டவில்லை என்று காட்டிக் கொடுத்தேன், பத்து நிமிஷத்தில் ஓடியது. ஆகா என்று உள்ளே ஏறினால் எதிரே நான் அந்த நாளில் மாட்டின அதே ஆளுயரக் கண்ணாடி. அதற்குள் நின்ற வயிற்றைப் பார்த்தேன், கையிலிருந்த பையைப் பார்த்தேன், கதவு மூடுவதற்குள் வெளியே குதித்துப் படிக்குப் போய்விட்டேன். கம்பெனி ஆள் லிஃப்டில்தான் ஏதோ கோளாறு என்று மறுபடியும் திறந்து பார்த்தான் பாவம். பட்டையையும் அன்றைக்கே காலிலிருந்து கழற்றிக் கையில் கட்டினேன். பதினோராயிரம் ஆயிரத்து எண்ணூறாக விழுந்தது, அங்கே நீ விழுந்தடித்துப் போன் பண்ணினாய். பட்டை ரிப்பேர் என்றேன், பாட்டரி என்றேன், கழற்றி வைத்துவிட்டேன் என்றேன். நாலு மாதமாக நீ என் எண்ணிக்கையைப் பார்த்து, அப்பாவுக்கு ஏதோ பெரிய வியாதி, மறைக்கிறார் என்று பயந்துகொண்டிருந்திருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை "பொய் சொல்றீங்கப்பா, நான் வேலைய விட்டுட்டு வந்து நேர்ல பாக்கறேன்" என்று நீ அழுதபோதுதான் நான் செய்த காரியம் முழுசாக விளங்கியது. நான் நடக்காதபோது நீ நிம்மதியாகத் தூங்கினாய், நடக்க ஆரம்பித்ததும் தூக்கம் போனது. மன்னித்துவிடு கண்ணு.

டாக்டரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன், அது எப்போதோ ஆயிற்று. நான் மிதித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் "இவ்ளோ நடந்தும் சர்க்கரை ஏறிக்கிட்டே போகுதே" என்று மண்டையை உடைத்துக்கொண்டு மாத்திரையைக் கூட்டினார், அடுத்தது ஊசி என்றார். தையல் மெஷின் கதையைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்து எனக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு நன்றாகத் திட்டினார், உன் பங்குக்கும் சேர்த்து என்று வைத்துக்கொள். முந்தாநாள் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை கீழே வந்துவிட்டது, மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார், ஊசி என்ற பேச்சே இல்லை. தாளைப் படம் எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறேன், என் பேச்சை நம்ப வேண்டாம், அவரிடம் கேள். நடுவில் எல்லாம் சுகமாகவே போனது என்று நினைக்காதே. ஒரு வாரம் முழங்கால் வீங்கி, உட்கார்ந்தால் எழ முடியாமல் கிடந்தேன். உன் அத்தை முட்டைக்கோஸை அரைத்து ஜூஸ் என்று கொண்டுவந்து எதிரே நின்று குடிக்க வைத்தாள், அதற்குப் பயந்தே முழங்கால் சரியானது. அம்மா போன தேதி வந்த மாதம் நாலு நாள் பிஸ்கட் டப்பாவோடு படுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் தையல்காரம்மாவே நாலு மாடி இறங்கி வீட்டுக்கு வந்து, "மூலை காலியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எழுந்து போனேன்.

கோணல் தையலைப் பிரித்துவிட்டேன், கடைசி மூன்று விரல்கடை தவிர. அதற்கு மேல் பிரித்தால் துணி கிழியும் என்று அவள் நிறுத்திவிட்டாள். மீதியை நான் தைத்தேன், எது அம்மா தைத்தது எது நான் தைத்தது என்று குருடனுக்குக் கூடத் தெரியும். முடித்த அன்று போட்டுப் பார்த்தேன், தொடையோடு நின்றுவிட்டது. அடுத்த மாதம் இடுப்புக்கு வந்தது, பட்டனுக்கும் காஜாவுக்கும் நடுவில் ஒரு கை போகிற இடைவெளி. அப்புறம் நாலு விரல். அப்புறம் ஒரு விரல், அந்த ஒரு விரலில் மூன்று வாரம் நின்றது, என்னைப் பைத்தியமாக அடித்தது. நேற்றுக் காலை பல் தேய்த்துவிட்டுச் சும்மா போட்டுப் பார்த்தேன். பட்டன் போட்டுவிட்டேன், வாலு! மூச்சை இழுத்துப் பிடித்துப் போட்டது இல்லை. போட்டுவிட்டு மூச்சு விட்டும் பார்த்தேன், உட்கார்ந்தும் பார்த்தேன், ஒரு தடவை தும்மினேன், அதற்கும் நின்றது. வலது கால் தரையில் இழுபடாமல் அளந்து வைத்தாற்போல் நிற்கிறது. வீட்டுக்குள் ஆள் இல்லாததால் அறை அறையாகப் போய்ச் சுவருக்கெல்லாம் காட்டினேன். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படிக்கு வந்ததும் என்னையறியாமல் சத்தமாகவே "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் யாரைச் சொல்கிறேன் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். அம்மா சுற்றுகிற பூங்காவை இரண்டு சுற்றுச் சுற்றினேன், வழியெல்லாம் அவளோடு பேசிக்கொண்டே.

நீ அழாதே, சிரி. வேலையை விட்டுவிட்டு அப்பாவைக் காப்பாற்ற வராதே, விடுமுறை போட்டுவிட்டு அப்பாவோடு நடக்க வா. நீயும் அங்கே நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இடுப்பைப் பெருக்காதே. மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல், அந்த உடம்புக்கு எந்த அளவிலும் பேண்ட் கிடைக்காது. இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல், ஒருவரை ஒருவர் நடக்கக் கூப்பிட்டுக்கொண்டு, கூப்பிட்டதும் எழுந்து போய்க்கொண்டு, நீண்ட நாள் வாழ வேண்டும். ராஜினாமாக் கடிதம் ஞாபகம் இருக்கட்டும். நேற்று உன் போனில் நாலாயிரத்து நூற்றுப் பதினேழு என்று காட்டியிருக்கும், குறைச்சல் என்று பயப்படாதே. அத்தனையும் நான் நடந்தது.

முப்பத்தெட்டு இஞ்ச் இடுப்போடு,
உன் அப்பா