தும்பிக்கை எழுத்துகளை மாற்றிய வாரம்

6 மார்ச் 1980, வியாழன்

காலையிலேயே புழுக்கம். பல்வலி. கிராம்பு.

பள்ளியை நடத்தும் கன்னியாஸ்திரி மாசேரிடமிருந்து ஆள். பள்ளியின் ஆண்டுத் தேர்வுத் தாள்கள் முழுக்கப் புது எழுத்தில் வேண்டுமாம். பாடநூல் மாறிவிட்டது, லை, ணை எதுவும் தலையில் வளைந்த அந்தப் பழைய தும்பிக்கையோடு ஒரே எழுத்தாக வரக் கூடாது, ை தனியாக முன்னால் நிற்க வேண்டும். புதனுக்குள் முதல் தாள்கள், இல்லையென்றால் வேலை கடலூருக்குப் போகும். அவரும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அதற்காகச் சலுகை கேட்க மாட்டேன்.

ஃபோர்மன் கோதண்டம் அச்சகத்தை ஒரு வாரம் மூடச் சொல்கிறார்.

"மூடுனா மிஷின் செத்துடாது, மதாம்."

"மிஷின் சாவாது. வர்றவங்க வேற கதவத் தட்டுவாங்க."

7 வெள்ளி

மூடப் போவதில்லை. எழுத்துத் தட்டுகளில் பாதி பழையபடி கல்யாணப் பத்திரிகைக்கு ஓடட்டும். மீதியை மாற்றுவோம். பிறகு அந்தப் பாதியை.

புதிதாக எதுவும் வார்க்க வேண்டாம். ல இருக்கிறது, ை இருக்கிறது. ஆனால் ை போதாது, அரைப் பக்கத்தில் தீர்ந்துவிடும். சென்னையில் எழுத்து வார்க்கும் கம்பெனிக்கு டிரங்க் கால். நாளை பஸ்ஸில் வரும். பழையவற்றை உருக்குவதற்கு அவர்களுக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

வாங்க: கிராம்புத் தைலம், நூல்கண்டு, மண்ணெண்ணெய்.

8 சனி

பார்சல் வந்தது. தட்டில் பழைய லை இருந்த குழியில் இனி ை. மெஷின் மாலை வரை நிற்கவில்லை.

9 ஞாயிறு

பூசை முடிந்து மீதித் தட்டுகள். ஓய்வுநாளில் வேலை, பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் மீன்குழம்பு. உப்பு கம்மி.

10 திங்கள்

பூகோளத் தாள் புரூஃப். "இமயமலைல". அடுத்த வரியில் "கடற்கரைச் சாலைல".

"கேள்வித்தாளே நம்மள மாதிரி பேசுது, மதாம்," என்றாள் கம்போஸிட்டர் தேவகி. நான் சிரிக்கவில்லை. அறைக்குப் போய்ச் சிரித்தேன்.

காரணம் பிறகு தெரிந்தது. மாதாமாதம் அடிக்கும் கோயில் அறிவிப்பின் எழுத்துகளைப் பிரிக்காமல் நூலால் கட்டியே வைத்திருந்தோம். காலையில் கோதண்டம் அதைப் பிரித்து, பழைய லைகளைப் பழைய குழியிலேயே போட்டிருக்கிறார். முப்பது வருஷத்துக் கை. தேவகி அங்கிருந்து ை என்று எடுத்ததில் சில தும்பிக்கை லை, பக்கத்தில் ல-வும் சேர்ந்து "லைல" ஆகிவிட்டது.

உத்தரவு: கட்டிவைத்த பக்கம் எதுவும் தட்டுக்குத் திரும்பக் கூடாது. நேராக, உருக்க அனுப்பும் ஈயப் பெட்டிக்கு. ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

11 செவ்வாய்

பெட்டி நிறைந்தது. கோதண்டத்தின் மேசைக்கடியில் மட்டும் செய்தித்தாளில் சுற்றிய ஒன்று. என் கணவர் லூயியின் நினைவு அட்டைக்குக் கட்டிவைத்த எழுத்துகள். அவர் இறந்த வருஷம் கோத்தது. பிறகு ஆண்டை மட்டும் மாற்றி அடித்துவருகிறோம். வெள்ளிக்கிழமை அவருடைய நினைவு நாள்.

"அது மிசியேவோடது, மதாம். நான் கை வைக்க மாட்டேன்."

"உத்தரவு எனக்கும் சேத்துத்தான், கோதண்டம்."

நானே அவிழ்த்தேன். நேரமாயிற்று. முடிச்சு நான் போட்டது.

12 புதன்

பல் பரவாயில்லை. தாள்கள் பள்ளிக்குப் போயின. மாசேர் குறிப்பு: "சுத்தம்." வேறொன்றும் இல்லை. அவர் வழக்கம்.

தேவகி அட்டையைப் புதிதாகக் கோத்துப் புரூஃப் கொண்டுவந்தாள். "நித்திய இளைப்பாற்றி." தும்பிக்கை இல்லாத ளை. லூயிக்குத் தெரியாத எழுத்து. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன்.

பிழை இல்லை. அடிக்கச் சொன்னேன்.