கயிறு பிடிக்கிறவர்

12-11-73, திங்கள்

விடியலில் இருந்து தூறல். மண்ணெண்ணெய் கியூ தெருமுனை வரைக்கும் நின்றது. நிற்க மனமில்லை, திரும்பிவிட்டேன். சலவைக்குப் போட மறந்தாயிற்று. மீனாவுக்குக் கார்டு எழுத வேண்டும்.

வழக்கம்போலத் திரேஸ்புரம் போய்ச் சூசையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி. கஞ்சிக் கூட்டத்தில் சேர்ந்த நாளில் இருந்து இதுதான் என் தலையில் விழுந்த வேலை. ஊரில் எங்களுக்கு அந்தப் பெயர். வேலையில் இருந்து ஓய்ந்த கிழவர்கள். பார்க்க ஆளில்லாத நோயாளிகளுக்குக் காலையில் கஞ்சி ஊற்றுவது, முகம் துடைத்துவிடுவது, ஊருக்குக் கார்டு எழுதிக் கொடுப்பது. துரைராஜ் வாத்தியார் (து.வா.) எங்களுக்குத் தலைவர் மாதிரி. புரட்டாசிக் கடைசியில் வீடு தேடி வந்து சொன்னார்: "சூசைக்குக் கண்ணு தெளிவா இல்ல சார். யாராவது கைபிடிச்சுக் கூட்டியாந்தாத்தான் வருவாரு. ஒங்கள நம்பித்தான் வந்திருக்கேன்." பொறுப்பான ஆள் வேண்டும் என்று என்னிடம் வந்திருக்கிறார். நான் ஹார்பர் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்தவன். மறுக்க முடியவில்லை.

சூசை முத்துக்குளித்தவர். முத்து நின்ற பிறகு சங்கு. தண்ணீர் புகுந்து காது மந்தம், அதனால் பேச்செல்லாம் சத்தம். என் தோளைப் பிடித்துக்கொண்டு, தரையைத் தடவித் தடவி நடக்கிறார். பத்து நிமிஷ நடை அரைமணி ஆகிறது. போதாததற்கு நடுத்தெருவில் என்னை "மச்சான்" என்கிறார். ஏன் என்று முன்பே ஒருநாள் கேட்டேன்.

"கடலுக்குள்ள போறவன் கயித்த யாரு கையில குடுப்பான்? பொண்டாட்டிகூடப் பெறந்தவன் கையிலதான். தங்கச்சி தாலிய நெனச்சாவது இழுத்துருவாம்லா. நம்ம கயிறு இப்ப ஒங்க கையில."

விளக்கம் சரி. கூப்பிடுகிற இடம்தான் சரியில்லை. 

இன்று வழியில், "மச்சான், சட்டப் பொத்தான் மாறிக் கெடக்கு" என்றார். குனிந்து பார்த்தேன், உண்மைதான். உமக்கு எப்படித் தெரிந்தது என்றேன். "கை பட்டுச்சு."

மீனாவுக்கு எழுதியது: அப்பா சும்மா இல்லை, கண் தெரியாத ஒருவருக்குத் துணையாக இருக்கிறேன்.

14-11-73, புதன்

எழுதக் கை கூசுகிறது.

ஆண்கள் வார்டில் ஒருவருக்குக் கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஆபீசில் எனக்குக் கீழே இருந்த பையன், மாமனாரைப் பார்க்க வந்தவன், என்னைக் கண்டதும் கைகட்டி நின்றான். பழைய மரியாதை. கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துச் சூசை வார்டின் அந்தக் கோடியில் இருந்து: "மச்சான், சோலி முடிஞ்சிட்டா?"

பையன் கேட்டான், "சார், இவிய ஒங்களுக்குச் சொந்தமா?"

எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். "சொந்தமாவது, பந்தமாவது! இந்தக் குருட்ட இழுத்துக்கிட்டு அலையுததே பெரும்பாடு. இதுல மச்சானாம். இனிமே சார்னு கூப்பிடச் சொல்லுங்க அவர."

வார்டே கேட்டது. சூசைக்கும் கேட்டது, மந்தக் காதுக்கும். கழுவிக்கொண்டிருந்த தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். 

"சரி சார்."

அதோடு முடியவில்லை. அவரை அழைத்துப் போகாமல் நான் மட்டும் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மழை. ரோடு நிறைய லாரி. கண் தெரியாத மனிதர். எப்படி வீடு போய்ச் சேர்ந்தாரோ. பாதி வழியில் திரும்பிப் போக நினைத்தேன். போகவில்லை. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

சாப்பாடு இறங்கவில்லை. கட்டினவள் செல்லம் இருந்திருந்தால் நாலு நாள் என்னோடு பேசியிருக்கமாட்டாள்.

15-11-73, வியாழன்

போகவில்லை. யாராவது கேட்டால் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். காய்ச்சல் இல்லை.

கதவு தாழ். ஜன்னலும் சாத்தல். அடுப்பு மூட்டவில்லை. நேற்றைய சட்டையே. ஆவணியில் செல்லம் போன பிறகு கிடந்த கிடை திரும்ப வந்துவிட்டது. அப்போதும் இப்படித்தான். பால்காரர் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார், நான் முகட்டைப் பார்த்துக் கிடப்பேன். மீனா வந்து அழுதாள். அதற்கும் எழுந்த ஞாபகம் இல்லை.

மதியம் ஜன்னல் இடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்தேன். சூசை வருகிறார். தனியாக. கையில் தூக்குச்சட்டி. 

வீசி நடக்கிறார். எதிரே வந்த சைக்கிளுக்கு ஒதுங்கினார். சாக்கடை மேல் கிடந்த கல்லில் சரியாகக் கால்வைத்துத் தாண்டினார். பக்கத்து வீட்டம்மாள் மொட்டைமாடியில் நின்றாள், நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார். என் வீட்டு வாசலுக்கு வந்ததும் சாத்திய ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கையை நீட்டிச் சுவரைத் தடவ ஆரம்பித்தார். 

தடவித் தடவிப் படிக்கு வந்து, "சார். வீட்டுக் கஞ்சி. வாசல்ல வச்சிருக்கேன், தொவையலும் இருக்கு. ஆறிப்போறதுக்குள்ள குடிச்சிருங்க, நாய் வந்துரும்."

நான் கதவைத் திறக்கவில்லை. கொஞ்சம் நின்றார். போய்விட்டார். தெருமுனை வரைக்கும் தடவிக்கொண்டே போனார். முனை தாண்டியதும் வேகம். 

முதலில் வந்தது கோபம். இத்தனை நாள் என்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள். து.வா.வை நாளைக்கு நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க வேண்டும்.

கஞ்சியைக் குடித்தேன். பசி இருந்திருக்கிறது, தெரியவில்லை.

16-11-73, வெள்ளி

து.வா. வீட்டுக்கே போனேன். சண்டைக்கு. உட்காரக்கூட இல்லை, கேட்டுவிட்டேன். அவர் மழுப்பவில்லை.

"அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். ஊசியில நூல் கோப்பாரு. ஒங்க மக என்ட்ட வந்து அழுதுச்சு, அப்பா செத்துருவாவளோன்னு பயமா இருக்குன்னு. நாங்கல்லாம் மாறி மாறி வந்து தட்டினோம். நீங்க தொறக்கல. அப்பத்தான் சூசை சொன்னாரு, 'அவரு தனக்குன்னு வெளிய வரமாட்டாரு, அடுத்தவனுக்குன்னா வருவாரு. எனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லுங்க'ன்னு."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அவரே தொடர்ந்தார்.

"நம்ம கூட்டத்துல எல்லாரும் இப்படித்தான் வந்தோம். நான் பள்ளிக்கூடத்த விட்டு வந்து முடங்கிக் கெடந்தப்போ, நம்ம கூட்டத்துக் காதர் பாய் எழுதப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லித் தெனமும் பேப்பர் வாசிக்கச் சொன்னாரு. அவருக்கு மூணு பாஷை தெரியும். எனக்கு வெவரம் தெரிய ஒரு வருசம் ஆச்சு."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சேவை செய்கிறேன் என்று மகளுக்குப் பெருமையாகக் கார்டு. இவர்கள் காலையில் கஞ்சி ஊற்றப் போகும் முன்னால் செய்கிற முதல் சேவையே நான்தான். வார்டில் நான் கத்தியபோது நின்ற அத்தனை கிழவர்களுக்கும் இது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கயிறு என் கையில் இருப்பதாக நினைத்து அதட்டியிருக்கிறேன். கடலடியில் கிடந்தவன் நான்.

இனி எந்த முகத்தோடு வருவது, என்னை விட்டுவிடுங்கள் என்றேன். 

"விட்டா சூசையையும்லா விடணும். நேத்தும் ஆஸ்பத்திரிக்கு வரல, இன்னைக்கும் வரல. அவரு வீட்டு வாசல்லயே இருக்காரு. நீங்க கூட்டிட்டு வராம எப்படி வருவாரு, கண்ணு தெரியாதுல்லா?"

நேற்று பார்த்ததைச் சொல்லி அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடட்டுமா என்றேன்.

"கேட்டா நீங்க பாத்துட்டது தெரிஞ்சிரும். அப்புறம் ஒங்களுக்கு என்ன வேல சார் அங்க?"

17-11-73, சனி

மழை விட்டிருக்கிறது. நல்ல வெயில். சவரம். துவைத்த சட்டை. பொத்தான்களைக் கண்ணாடியில் சரிபார்த்தேன்.

திரேஸ்புரம். கருவாட்டு வாடை. தெருத் திருப்பத்திலேயே கண்டேன், வாசலில் உட்கார்ந்து ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நூல் கோத்துக்கொண்டிருந்தார். நான் வருவதைக் கண்டவுடன் ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"யாரு?"

"நான்தான்."

"சாரா?"

அந்தச் "சார்" நெஞ்சில் போய் இறங்கியது. எனக்கு வேண்டியதுதான். கிட்டே போய்த் தோளைக் கொடுத்தேன். கை காற்றில் தேடியது, தோளை எட்டிப் பிடித்தது. நடந்தோம். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சில் ஒரு சொல்கூட வரவில்லை. இத்தனை அமைதியாக அவர் நடந்து பார்த்ததில்லை. ஐஸ் வண்டிக்காரன் பார்க்கிறான், வலை உலர்த்துகிற பெண்கள் பார்க்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் தெரியும்.

நடுத்தெருவுக்கு வந்ததும் சத்தமாகவே சொன்னேன், "பாத்து வாங்க மச்சான், பள்ளம் கெடக்கு."

அங்கே பள்ளம் இல்லை. சூசை காலை நன்றாகத் தூக்கி வைத்துத் தாண்டினார்.