மிஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டிய புத்தகங்கள்

வாலு,

சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சாவியை உள்ளே வெச்சுட்டுக் கதவைச் சாத்திடாதே.

சாயங்காலம் உன் கணக்கு மிஸ் வருவாங்க. அரசு ஆசிரியர் தேர்வுக்கு நான் படிச்ச புத்தகங்களைக் கேட்டிருந்தாங்க. பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டேன்னு சொல்லிட்டேன். பொய். பீரோ மேல மூட்டையா இருக்கு, எடுத்துக் கொடு.

அரசுப் பள்ளியில நான் வாங்குற சம்பளத்துல கால்வாசிகூட உன் ஸ்கூல்ல அவங்களுக்குத் தர்றதில்லை. நாம கட்டுற ஃபீஸெல்லாம் கட்டடத்துக்கே போகுது போல. அப்படியும் உனக்குத் தனியா உக்காந்து சொல்லித்தர்றாங்க.

நானும் கணக்கு டீச்சர்தாண்டி. நேத்து சொல்லித்தர வந்தா, "மிஸ் இப்படிப் போடமாட்டாங்கம்மா"ன்னு நோட்டை இழுத்துக்கிட்டே. வயிறு எரிஞ்சுது. "அவ்ளோ கெட்டிக்காரின்னா ஏன் அங்கேயே கிடக்கிறா"ன்னு நான் கேட்டது தப்பு.

டீ போட்டுக் கொடு. சர்க்கரை எவ்வளவுன்னு கேட்டுப் போடு.

அம்மா

இன்னொண்ணு: பாஸாயிட்டா அவங்க உன் ஸ்கூலை விட்டு எங்க பக்கம் வந்துடுவாங்க. என் பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கும் அப்படி ஒரு மிஸ் வேணும். நீ அழுவே. அதைப் பாத்தும் எனக்குப் பொறாமையாத்தான் இருக்கும், கண்டுக்காதே.