விரித்தவளும் துணைக்கு வந்தவளும்

உன் மகள் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். உன் பீரோவிலிருந்து இரண்டு புடவைகளைத் துணிப்பையில் போட்டு எடுத்துவந்து, "அம்மா கட்டவே இல்ல ஆன்ட்டி, நீங்க கட்டுங்க" என்று கொடுத்தாள். அவள் போன பிறகு ஒன்றைப் பிரித்தேன். கஞ்சியும் அட்டைப்பெட்டியும் கலந்த புதுத்துணி வாசனை. பார்த்த கையோடு மடித்து வைக்கப் போனேன். நீ பக்கத்தில் நின்று சிரிப்பது போலிருந்தது. அப்படியே கட்டிலில் பரப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் நடுவில், நாம் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்த கோடை. திண்டிவனத்துச் சினிமாக் கொட்டகையில் இடைவேளையில் ஒரு சிலைடு போட்டார்கள். விழுப்புரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஜவுளிக்கடைக்குப் பெண் விற்பனையாளர்கள் தேவை, நேரில் வரவும். படத்தில் எனக்குக் கதை வேண்டும். உனக்குக் கதாநாயகியின் ஜாக்கெட் கை எவ்வளவு நீளம், கட்டியிருப்பது ஷிபானா ஜார்ஜெட்டா என்பது போதும். அன்று அதையும் நீ பார்க்கவில்லை. "பொம்பளைங்களுக்குப் பொம்பளைங்களே விக்கறதுடி, நெனச்சிப் பாரேன்" என்று என் காதிலேயே இருந்தாய். பின்வரிசையிலிருந்து ஒருவர், "பாப்பா, நாங்க கொஞ்சம் படம் பாக்கலாமா?" என்று கேட்ட பிறகுதான் அடங்கினாய்.

உன் நைனா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குபவர். கடையில் நிற்கிற வேலை என்றதும் பிசைந்த சோற்றுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தார். ஒரு பெண் பிள்ளை தினமும் விழுப்புரம் வரை பஸ்ஸில் போய் வருவது நம் தெருவில் அன்று இல்லாத வழக்கம். கடைசியில் சொன்னார்: "அந்தப் பொண்ணும் வருதுன்னா போ. ஒத்தையா அனுப்ப மாட்டேன். இல்லன்னா வூட்ல இரு, தை மாசம் மாப்ள பாத்துடறேன்."

அந்தப் பொண்ணு நான்.

கடைக்குப் போனபோது முதலாளி நம்மிடம் எதையும் எழுதி வாங்கவில்லை. நான் நீட்டிய மதிப்பெண் பட்டியலைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். "இது சேலைய விக்காதும்மா. அதோ ஆளுங்க வந்திருக்காங்க, போய்க் காட்டுங்க" என்றார். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் மண்டகப்பட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒன்றை எடுத்துக் காட்டுவேன். வேண்டாம் என்பார். உடனே மடித்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். வீட்டில் அம்மா அப்படித்தான் பழக்கியிருந்தார். நாலைந்து சேலை ஆனதும் அந்த அம்மா எழுந்துவிட்டார். "இன்னாம்மா, எடுக்கறதுக்குள்ள கட்டி வெக்கற? எந்திரிச்சிப் போன்னு வாயத் தெறந்தே சொல்லிடேன்."

அதற்குள் உன் பக்கம் சேலைகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்துகிடந்தன. தாயும் மகளும் ஒரு கருநீலச் சேலையைப் பார்த்து, கறுப்பு போலிருக்கிறது, கல்யாணத்துக்கு ஆகாது என்று தயங்கிக்கொண்டிருந்தார்கள். "டியூப்லைட்டு ஏமாத்துதுக்கா. வெளிய வாங்க, வெயில்ல பாக்கலாம்" என்று அதைத் தோளில் போட்டுக்கொண்டு நீ தெருவுக்கே ஓடினாய். காவலாள் பதறிப்போய், "ஏய் பொண்ணு, சேலைய எங்க எடுத்துக்கினு போற?" என்று பின்னாலேயே ஓடினார். நடுத்தெருவில், வெயிலில், முந்தானையை இரண்டு கைகளாலும் அகல விரித்துக்கொண்டு நின்றாய். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று பார்த்தார். தாயும் மகளும் உள்ளே வந்து அதையும் இன்னொன்றையும் எடுத்தார்கள்.

முதலாளி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நீ தப்பா எதுவும் செய்யலம்மா. ஆனா எதிர்ல ஆள் ஒக்காந்திருக்கறப்ப மடிச்சா, கெளம்புன்னு அர்த்தம். குவிஞ்சிக்கினே போவணும். அது விரிக்குது, நீ மடிக்கற. எனக்கு விரிக்கற ஆளுதான் வேணும்."

படியிறங்கும்போது நீ அழவில்லை. அழாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அவ்ளோதான்டி. நைனா ஒத்தையா வுடாது."

"யாரு ஒத்தையா போவச் சொன்னா? நானும்தான் வர்றேன்."

"உன்ன எடுக்கலியே, லூசு."

"கடைக்குத்தானே எடுக்கல? பஸ்ஸுல ஏத்திப்பாங்க இல்ல?"

என் அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "விழுப்புரத்துலயே டைப்ரைட்டிங்ல சேரு, உங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார். அப்படி உன் வீட்டுக்கு நான் ஜவுளிக்கடைக்காரி ஆனேன். காலையில் கொஞ்ச நேரம் தட்டச்சு. பிறகு பொது நூலகம். மதியம் அதை மூடும்போது ரயில் நிலைய பெஞ்சில் சோற்று டப்பா. வந்த பத்திரிகைகளையெல்லாம் அச்சிட்டவர் பெயர் வரைக்கும் படித்தேன். "உனக்கு வூடு வாசல் இல்லியாம்மா?" என்று நூலகர் ஒருநாள் கேட்டேவிட்டார். எப்படிப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தீர்கள் என்று இளம் நிருபர்கள் என்னிடம் கேட்கிறார்கள். ஏதேதோ சொல்லிச் சமாளிக்கிறேன். உன் நைனா போட்ட நிபந்தனையால் என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

எனக்கு இன்று வேண்டியிருப்பது அந்த மாலை பஸ்தான். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பெண்களைக் கடையிலிருந்து விட்டுவிடுவார்கள். விக்கிரவாண்டி தாண்டும்வரை நீ மூச்சுவிடாமல் பேசுவாய். யார் வந்தார்கள், எந்த மாமியார் மருமகளுக்கு மட்டமான சேலையாகத் தேடினாள், மெட்ராஸிலிருந்து வந்த சுடிதாரை நம் ஊரில் யார் முதலில் வாங்கினாள். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் என் தோளில் தூங்கிவிடுவாய். நாள் முழுக்க நின்ற கால்களைச் செருப்பிலிருந்து விடுவித்து என் பாதத்தின் மேல் வைத்துக்கொள்வாய். நான் படித்த செய்தி ஒன்றைக்கூட நீ முழுதாகக் கேட்டதில்லை.

கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க உன் நைனா சொல்லாமல் கடைக்கு வந்தது நினைவிருக்கும். அன்று சாயங்காலம் நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது கையில் பொட்டலத்தோடு உன் பக்கத்தில் நின்றிருந்தார். நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"இன்னா பாப்பா, இன்னிக்கு யாவாரம் எப்படி?"

"நல்லா போச்சுங்க பெரியப்பா."

தலையை ஆட்டினார். அவித்த மல்லாட்டை இரண்டு பொட்டலம் வாங்கி, முதலில் என்னிடம் நீட்டினார். "நாளைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணாவே போங்க. ஜாக்கிரத" என்றார். திண்டிவனத்தில் இறங்கி அவர் முன்னால் நடந்த பிறகுதான் நீ என் கையைக் கிள்ளினாய். "மொதலாளி சொல்லிட்டார்டி. அந்தப் பொண்ணு இங்க வேலையே செய்யலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார்." இருட்டில் முன்னால் போய்க்கொண்டிருந்த அவர் முதுகையே இருவரும் பார்த்துக்கொண்டு நடந்தோம். அவர் திரும்பவில்லை. அதன்பின் நமக்கு வந்த சிரிப்பு வீடு வரை அடங்கவில்லை.

நீ கோலியனூரில் வாழ்க்கைப்பட்டாய். பெண் பார்க்க வந்தவர்களிடம், வேலையை விட மாட்டேன் என்று நீயே வாய்திறந்து சொன்னாய். அங்கிருந்து கடை பக்கம். துணை தேவையில்லை. பிறகு சேலைப் பிரிவுக்கே பொறுப்பாகி, எத்தனையோ பெண்களை வேலைக்குப் பழக்கினாய். நீ வேண்டியது உனக்குக் கிடைத்தது. எனக்கு அதில் இன்றும் சந்தோஷம்தான்.

ஆனால் உன் கல்யாணம் முடிந்த வாரத்தில் நடந்ததை உன்னிடம் நான் சொன்னதில்லை. தட்டச்சுத் தேர்வு முடிந்துவிட்டது. விழுப்புரத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் காலையில் குளித்து, டப்பா கட்டிக்கொண்டு வழக்கமான பஸ்ஸில் ஏறினேன். கூட்டத்துக்கு நடுவே வந்த கண்டக்டர் என் முகத்தைப் பார்த்ததும், கேட்காமலே இரண்டு டிக்கெட் கிழித்தார். இரண்டு பேருக்கான காசை எண்ணிக் கொடுத்து, இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு எத்தனையோ ஊர்களுக்குச் செய்திக்காகத் தனியாகவே போனேன். போன மாதம் உன்னைக் கடைசியாகப் பார்க்கக் கோலியனூருக்கு வந்ததும் பஸ்ஸில்தான். சின்னப் பையன், கண்டக்டர். "எத்தினி டிக்கெட்டும்மா?" என்றான். இரண்டு விரலைக் காட்டப் போய், ஒன்றை மடக்கிக்கொண்டேன். எப்போதும் அப்படித்தான் ஆகிறது.